தாய்லாந்துப் படகுக்குப் பின்னால்

சுனாமி எங்கள் தேற்றாத்தீவு வீட்டையும் தங்கையையும் கொண்டுபோன பிறகு நான் கடல் பக்கம் போனதில்லை. வாவியில் மட்டும் தோணி வலித்து மீன் பிடித்தேன். உள்நாட்டுச் சண்டை முடிந்து சில வருடங்களில் மட்டக்களப்பு வாவியில் டிராகன் படகுப் பயிற்சி தொடங்கியது. நீண்ட படகில் இருபது பேர் சோடி சோடியாக அமர்ந்து வலிக்க, முன்னால் ஒருவர் மேளம் அடிப்பார், பின்னால் ஒருவர் சுக்கான் பிடிப்பார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் என் தோள் தினவெடுக்கிறது.

என் சோடி காத்தான்குடிப் புடவைக்கடைக்காரர். சண்டைக் காலத்தில் எங்கள் தமிழ் ஊரும் அவர்களின் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று நம்பாமல் இருந்தவை. முதல் வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருநாள் என் துடுப்பு பட்டு அவர் விரல் நகம் பிய்ந்தது.

"மச்சான், நீ மீனுக்கு வலிக்கிறாய். மேளத்துக்கு வலி" என்றார்.

சிரித்துவிட்டேன். அன்று ஒட்டிக்கொண்ட நட்பு.

இருவரும் நாட்டு அணிக்குத் தெரிவாகிப் படகுப் போட்டிக்கு வெளிநாட்டுக்குப் போனோம். அகன்ற ஆறு. முதல் ஓட்டத்தில் பக்கத்துப் படகு தாய்லாந்து. ஆட்களைப் பார்த்தேன். எங்களைவிட உயரத்தில் கட்டை.

"இவங்கள வெல்லலாம்" என்றேன்.

பாதித் தூரத்திலேயே அவர்களின் முதுகுதான் தெரிந்தது. அவர்களுடைய இருபது துடுப்பும் ஒரே சத்தத்தோடு தண்ணீரில் இறங்கின. எங்களுடையவை சடசடவென்று மழைபோல விழுந்தன. கடைசியாக வந்தோம்.

"பலம் இருக்கு. சேர்ந்து வலிக்க இல்ல" என்றார் எங்கள் சிங்களப் பயிற்சியாளர், தெரிந்த தமிழில்.

அன்று மாலை விடுதி விறாந்தையில் துடுப்பில்லாமல் இரண்டு வரிசையாகக் குந்தி வலித்துப் பழகினோம். தமிழில் எண்ணுவதா சிங்களத்தில் எண்ணுவதா என்று சிறு இழுபறி. கடைசியில் மேளக்காரர் கைதட்ட, எல்லோரும் அதற்கே குனிந்து நிமிர்ந்தோம். வெறுங்கையால் காற்றை வலிக்கும் எங்களைப் பார்த்து விடுதிக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள், தோற்ற அணிகளுக்குள் ஓட்டம். அரைப் படகு நீளத்தில் முந்தினோம். கரையில் நின்ற தாய்லாந்துக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்கள் கோப்பையோடு போனார்கள். நாங்கள் தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மா, ஒரு ஓட்டம் வெண்டிட்டம்."

"அதுசரி மகன், தண்ணிக்குள்ள விழல்லதானே?"

"இல்லம்மா."

"அப்ப போதும்" என்றார்.