மூன்று வார லைசென்ஸுக்கு இன்ஷூரன்ஸ்

லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறேன். அதற்கு இன்ஷூரன்ஸ் போட இன்று தி.நகரில் ஓர் ஏஜெண்டைப் பார்த்தேன்.

அவர் சொன்ன தொகை, என் சம்பளத்தில் பாதி.

"கார வித்தவர் இவ்ளோ கட்டலையே சார்?"

"அவரு பல வருஷமா கிளெய்மே பண்ணல. அந்தத் தள்ளுபடி அவரோடயே போயிடும்மா."

"நானும் இதுவரைக்கும் எதையும் இடிச்சதில்லையே!"

"நீ இன்னும் ஓட்டவே ஆரம்பிக்கலையேம்மா."

அவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டேன். நான் யாரையாவது இடித்தால் அவர்களுக்குப் பணம் கிடைக்கும். என் கார் நசுங்கினால் என் பாடு.

திங்கட்கிழமை காலை அடையாறு பாலத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் ஊர்ந்து போனால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். பின்சீட்டில் அம்மா இருப்பார். ஓட்டுவது நான்தான்.