உள் ஓரம் தேய்ந்த டயர்

நோயாளியின் நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் தட்டையான மரக்குச்சி ஒன்றை, எங்கள் டாக்டரம்மா ஒருநாள் மதியம் காரின் டயர் பள்ளத்துக்குள் செருகிப் பார்த்தார். குச்சி எதுவரை இறங்கியதோ அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். நான்கு டயருக்கும் நான்கு குச்சி. எந்தக் குச்சி எந்த டயருக்கு என்று ஒவ்வொன்றிலும் எழுதி, ராபர்ட்சன்பேட்டை கிளினிக்கில் தன் மேஜைமேல் வரிசையாக அடுக்கினார். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வெயிலும் தூறலும் கலந்து அடித்த நாள் அது. நான்கு வருஷம் ஆகிறது. அந்தக் குச்சிகள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

டாக்டரம்மாவுக்கு அப்போது அறுபது வயது. அவருடைய அப்பா வெளியூரிலிருந்து இங்கே பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலைக்கு இன்ஜினீயராக வந்தவர். அதனால் டாக்டரம்மா பேச்சில் எங்கள் ஊர் 'இன்னா' வராது, 'என்ன' என்றுதான் வரும். ஆனால் பிறந்தது, படித்தது, வைத்தியம் பார்ப்பது எல்லாம் இந்த ஊரில்தான். வாரத்தில் ஐந்து நாள் கிளினிக். வியாழக்கிழமை மட்டும் பேத்தமங்களா பக்கத்துக் கிராமங்களுக்குப் போவார். அதற்காகத்தான் ஏழு பேர் உட்காரும் அந்தப் பெரிய வண்டியை வைத்திருந்தார். கல்லும் சேறுமான பாதைகளில் அடி தட்டாமல் போகும். நடக்க முடியாதவர்களைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். அந்த வண்டிக்கு நான் டிரைவராக வந்து அப்போது இரண்டாவது வருஷம்.

குச்சி விட்டுப் பார்த்ததற்கு முந்தைய வியாழக்கிழமை நாங்கள் கவிழப் பார்த்தோம். பேத்தமங்களா ஏரிக்கரையை ஒட்டிய வளைவில், மழையில், வண்டியின் முன்பக்கம் என் பேச்சைக் கேட்காமல் நேராகச் சறுக்கியது. பிரேக்கை விட்டு, மெல்ல மிதித்து, எப்படியோ ஒரு கேழ்வரகு வயலில் போய் நின்றோம். யாருக்கும் அடி இல்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாய் திறந்ததும் வந்த முதல் வார்த்தை, டயர் சரியில்லை என்பதுதான்.

அவர் அதை அப்படியே நம்பினார். நம்பியதால்தான் குச்சியோடு இறங்கினார். ஆனால் முட்டிவலிக்காரர்; வெளிப்பக்கப் பள்ளங்களை மட்டும்தான் குனிந்து அளக்க முடிந்தது. வெளிப்பக்கத்தில் ரப்பர் நன்றாகவே இருந்தது. உள்பக்கத்தை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் குச்சியை நீட்டினார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்தால் உள் ஓரமும் வெளியே தெரியும். அது தெரிந்தும் நான் ஒடிக்கவில்லை. மண்டி போட்டு, கையை உள்ளே விட்டேன். முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மொழுமொழுவென்று இருந்தது. எழுந்து, உள்ளேயும் அதே அளவுதான் மேடம் என்று சொன்னேன்.

காரணம் எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன், டாக்டரம்மா இல்லாமல் டீசல் போட்டுக்கொண்டு திரும்பும்போது, மழைத்தண்ணீர் மூடியிருந்த ஒரு குழியில் இடது முன் சக்கரத்தை வேகமாக இறக்கிவிட்டேன். அன்றிலிருந்து வண்டி இடது பக்கம் இழுத்தது. முன் சக்கரங்கள் நேர் தப்பி, அலைன்மென்ட் போய்விட்டது என்றும், அதனால்தான் உள் ஓரம் தேய்கிறது என்றும் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். கடைக்குக் கொண்டுபோனால் அவருக்குத் தெரிந்துவிடும், ஏன் என்று கேட்பார். நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்து, ஸ்டியரிங்கை வலது கையால் இழுத்துப் பிடித்தபடியே ஓட்டினேன். இதற்கு முன் பெங்களூரில் வேலை பார்த்த டிராவல்ஸில், கதவில் விழுந்த ஒரு நெளிவுக்காக அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு வருஷம் நிரந்தர வேலை இல்லாமல், யாராவது டிரைவர் லீவு போட்டால் மட்டும் அவர்கள் வண்டியை ஓட்டினேன். மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். இந்த வேலையும் போனால் என்ன ஆகும் என்கிற நினைப்பு, செய்யவேண்டிய எல்லாவற்றையும் விடப் பெரிதாக என் முன்னால் நின்றது.

டாக்டரம்மாவின் கணக்கு வேறு மாதிரி போயிற்று. ரப்பர் தேயவில்லை, ஆனாலும் வழுக்குகிறது. அப்படியானால் இந்தக் கம்பெனி டயரே மழைக்கு ஆகாது. வேறு எது ஆகும் என்பதை ஓட்டுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும். பெரிய வண்டி ஓட்டுகிற இரண்டு மூன்று பேரை வண்டியோடு வரச் சொல்லுங்கள் என்றார். கிளினிக் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மருந்து எழுதும் தாளை மடியில் வைத்துக்கொண்டு, நோயாளியிடம் கேட்பதைப் போலவே கேட்டார். எத்தனை நாளாகப் போட்டிருக்கிறீர்கள்? எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள்? காற்று எப்போது பார்ப்பீர்கள்? மழையில் எப்படி? சத்தம் உண்டா?

முதலில் வந்தவர் கல் குவாரி முதலாளியின் டிரைவர். எங்களுக்கெல்லாம் அண்ணன். அவர் வண்டியில் கட்டை கட்டையாக ரப்பர் புடைத்த முரட்டு டயர். குவாரிக்குள் கூர்மையான ஜல்லிமேல் ஏறி இறங்கியும் இதுவரை பக்கவாட்டில் ஒரு கிழிசல் இல்லை என்று பெருமையாகச் சொன்னார். தார் ரோட்டில் எப்படி என்று டாக்டரம்மா கேட்டதும் குரல் தணிந்தது. காதுக்குள் வண்டு புகுந்ததுபோல் சத்தம், ஈரமான தாரில் பிரேக் பிடித்தால் கொஞ்சம் தூரம் போய்த்தான் நிற்கும், தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பே விட்டுப்போகிறது என்றார். டயருக்கு ஒரு தாள், அவர் இடுப்புக்கு ஒரு தாள் என்று இரண்டு தாள் எழுதினார் டாக்டரம்மா.

அடுத்து தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர். அவர் டயர் புதிதுபோல் பளபளத்தது. எட்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றார். டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்தபோது பக்கவாட்டு ரப்பரில் மயிரிழையாக வெடிப்புகள் ஓடியிருந்தன. நின்றுகொண்டே இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும் என்று குவாரி அண்ணன் சொல்ல, சூப்பர்வைசர் அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியாக வந்தது என் மச்சான், என் மனைவியின் தம்பி. ஏர்போர்ட்டுக்கும் பெங்களூருக்கும் தினமும் ஆள் ஏற்றிப் போகிறவன். அவனிடம் இருந்ததும் எங்கள் வண்டியைப் போன்ற அதே வண்டிதான். போட்டிருந்ததும் அதே கம்பெனி, அதே அளவு டயர். அவனை நான் கூப்பிடவில்லை. குவாரி அண்ணன் சொல்லி வந்துவிட்டான். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், கொட்டுகிற மழையில் ஹைவேயில் திடீரென்று மிதித்தாலும் பிடித்து நிற்கும், எனக்கு ஒரு குறையும் இல்லை என்றான். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு யோசித்தார். உங்களுக்கு நன்றாக இருக்கிற அதே டயர் எங்களுக்கு மட்டும் ஏன் வழுக்குகிறது என்று கேட்டார். மச்சான் எங்கள் வண்டியின் முன் சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்தான். கை உள்ளே போய் வந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, தெரியலையே மேடம் என்றான். என்னைப் பார்க்கவில்லை. அப்படியானால் எங்கள் கிராமத்துச் சேறுதான் காரணமாக இருக்கும், குவாரி வண்டியில் இருக்கிற முரட்டு டயரையே சொல்லிவிடலாம், தாரில் மெதுவாகப் போனால் போயிற்று என்றார் டாக்டரம்மா.

ரோட்டுமுனைவரை அவனோடு நடந்தேன். அங்கே நின்று சொன்னான்: "மாமா, இன்னா இது? உள் ஓரம் மொட்டையா இருக்குது. நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிடுங்க. அந்த அம்மா முரட்டு டயர் போடலாம்னு நெனைக்கிறாங்க. எத்த போட்டாலும் இந்த வண்டி தின்னுடும்."

அவன் போன பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். மறுநாள் வியாழக்கிழமை. புது டயர் சனிக்கிழமைதான் வரும். அதுவரை மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பேத்தமங்களாவைத் தாண்டி ஒரு கிராமத்தில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, கால் வீங்கியிருந்தது. அவளைக் கோலாருக்கு அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதே ஏரிக்கரை வளைவு வழியாகத்தான் போகவேண்டும். முதல் தடவை சறுக்கியபோது வயல் இருந்த பக்கம் போனோம். மறுபக்கம் தண்ணீர்.

வியாழக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. கிளினிக் உள்ளே போய், டாக்டரம்மாவின் மேஜைமேல், அந்த நான்கு குச்சிகளுக்குப் பக்கத்தில் வண்டிச் சாவியை வைத்தேன். "இன்னிக்கி இந்த வண்டிய எடுக்க மாட்டேன் மேடம்," என்றேன். பிறகு குழியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே அதே அளவுதான் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, பெங்களூரில் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்த வழி என் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். அப்புறம் கேட்டார்: "அப்போ உங்க வலது தோள்ல வலி இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. இரண்டு மாதமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் வலது கையைப் பார்த்துக்கொண்டு வருகிறாராம். எப்போதும் இறுக்கமாக, கீழ்நோக்கி இழுத்தபடியே இருக்கிறதாம். எனக்குத் தோள்பட்டை இறுகிப்போகிற நோய் ஆரம்பித்திருக்கிறது, சொன்னால் வேலை போய்விடுமோ என்று நான் மறைக்கிறேன் என நினைத்து, எப்படிக் கேட்பது என்று அவரும் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாராம். பாதி சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். மறைத்தேன், தோளை இல்லை.

சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வலிய மறைச்சிருந்தா உங்களுக்கு மட்டும் கஷ்டம். இது நான் கூட்டிட்டு வர்ற பொண்ணுக்கும் கஷ்டம்," என்றார். குரல் உயரவே இல்லை. அதனால்தான் நன்றாக உறைத்தது. வேலையை விட்டு நிற்கச் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்புறம். இப்போ உங்க மச்சானுக்கு போன் போடுங்க. வண்டி இருக்கான்னு கேளுங்க."

மச்சான் பெங்களூர் சவாரியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்தான். சாவியை என்னிடம் நீட்டிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான். ஏரிக்கரை வந்தபோது மழை கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தது. வளைவில் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் திருப்பினேன். வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு சாதுவாகத் திரும்பியது. ஜன்னல் பக்கம் பார்த்திருந்த டாக்டரம்மா, "அதே டயர்தான்," என்றார். பின்னாலிருந்து மச்சான் இருமினான். அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு, பதினோரு மணிக்கெல்லாம் கோலாரில் சேர்த்தோம். இரண்டு வாரம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று கிராமத்திலிருந்து தகவலோடு ஒரு பை வேர்க்கடலையும் வந்தது.

அந்தச் சனிக்கிழமை முரட்டு டயரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முன் சக்கரங்களின் அலைன்மென்டைச் சரிசெய்து, அதே கம்பெனி டயரையே நான்கு சக்கரத்திலும் போட்டோம். என் வேலையைப் பற்றி டாக்டரம்மா அதன் பிறகு பேசவே இல்லை. திங்கட்கிழமை வழக்கம்போல எட்டரைக்குப் போனேன். வழக்கம்போல வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஒன்று மட்டும் மாறியது. வண்டியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் அன்றைக்கே சொல்லிவிடுவேன். சில நாள் அது நான் வைத்த தண்ணீர் பாட்டில் உருளும் சத்தமாக இருக்கும். அதையும் கேட்டுக்கொள்வார்.

போன மாதம் அந்த டயர்களை மாற்றும் காலம் வந்தது. டாக்டரம்மா இப்போது காலையில் மட்டும்தான் கிளினிக்குக்கு வருகிறார். வியாழக்கிழமையை மட்டும் விடவில்லை. என் மகள் பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். வாடகைக்கு ஓடும் பெரிய வண்டிகள் ஊரில் பெருகிவிட்டன. எந்த டயர் நல்லது என்று டிரைவர்கள் ஒருவருக்கொருவர் போனில் படம் அனுப்பிக் கேட்டுக்கொள்கிறார்கள். டயர் கடையில் வேலை செய்கிறவர் பழைய டயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றின்மேலும் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தார். நாலும் ஈக்வலா தேஞ்சிருக்கு, இப்படி வர்றது கம்மி சார் என்றார். எனக்கு ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

குவாரி அண்ணனையும் மற்றவர்களையும் வரச் சொல்லட்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கடை வாசலில் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டினார். "யாரும் வேணாம். நீங்க சொல்லுங்க."

சொன்னேன். பழைய டயரின் நல்லது கெட்டது, இப்போது புதிதாக வந்திருக்கும் இரண்டு வகை, ஏரிக்கரை ரோடு, கிராமத்துச் சேறு, அவருடைய முட்டிக்கு எது குலுங்காது என்பதுவரை சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நோயாளி பேசும்போது கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கடைக்காரர் பக்கம் திரும்பி, "அவர் சொன்னதையே போடுங்க," என்றார்.