ஒனோஃப்ரியோவின் கோடாலி

இத்தாலியின் ஃபிலிக்கூடித் தீவில் கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். எலுமிச்சைச் சாற்றை உறையவைத்துச் சுரண்டிய கிரானிட்டா வாங்குவார்கள். கூடவே ஓசியில் புத்திமதியும் கேட்பார்கள். எங்கே குளிக்கலாம், கடல்நாய்க் குகைக்குப் படகு எத்தனை மணிக்கு என்றெல்லாம். நான் மூன்று விஷயம் சொல்வேன். தலைக்குத் தொப்பி வையுங்கள், சப்பாத்திக்கள்ளிப் பழத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், ஒனோஃப்ரியோ வேண்டாம் என்றால் படகில் ஏறாதீர்கள். மூன்றாவதை எவரும் காதில் வாங்குவதில்லை. வாங்காதவர்கள் ஒனோஃப்ரியோ கையால் வாங்கிக்கொள்வார்கள்.

ஒனோஃப்ரியோ படகோட்டி. அடிக்கிற ஆள். பூசி மெழுக எனக்குத் தெரியாது. மிலானோவிலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவரை அறைந்து கண்ணாடியை உடைத்தான். ஒரு கல்யாண ஜோடியில் மாப்பிள்ளையைத் துறையிலிருந்து தண்ணீரில் தள்ளினான். எல்லாமே மேற்குக் கடல் கெட்டிருந்த நாட்களில், குகைக்குப் போயே தீருவேன் என்று நின்றவர்களை. போலீஸ் இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறது.

அவன் எப்போதும் இப்படி இருந்தவனில்லை. எங்கள் துறையில் படகுகளுக்கு முறை உண்டு. முறை வந்தவன் போகவில்லையென்றால் பயணிகள் அடுத்த படகுக்கு. கடல் மோசம் என்று பயணிகள் காதுபடச் சொல்லவே கூடாது. சொன்னால் அன்றைக்கு ஒருவரும் எந்தப் படகிலும் ஏறமாட்டார்கள், எல்லோர் பிழைப்பிலும் மண். ஆகவே பின்வாங்குகிறவன் இன்ஜின் சரியில்லை என்பான். அடுத்தவன் புரிந்துகொண்டு வயிற்றுவலி என்பான். ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கலைந்துவிடுவார்கள். பாழாய்ப்போன மரியாதை.

பதினொரு வருடத்துக்கு முன் ஒனோஃப்ரியோவும் அப்படித்தான் இன்ஜின் சரியில்லை என்றான். அடுத்த முறை அவன் தம்பி நுன்ஸியோவுக்கு. நுன்ஸியோ இருபது வருடம் ஆஸ்திரேலியாவில் செங்கல் அடுக்கிவிட்டு ஊர் திரும்பியவன். துறையின் பழக்கமெல்லாம் மறந்துபோயிருந்தது. அண்ணன் இன்ஜின் நிஜமாகவே கெட்டுவிட்டது என்று நம்பினான். சாயங்காலம் பார்த்துத் தருகிறேன் என்று அண்ணன் தோளில் தட்டிவிட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனான். நம்மூரில் பிறந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும், திரும்பிவிடுவான் என்று ஒனோஃப்ரியோ வாயைத் திறக்காமல் நின்றான். குகைக்குள் அலை புகுந்து படகைத் தூக்கிக் கூரைப் பாறையில் அடித்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நுன்ஸியோவை அவன் சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

அன்றிலிருந்து நுன்ஸியோ வீட்டில் ஒனோஃப்ரியோ பெயரை உச்சரிப்பதில்லை. மகள் திண்டாராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வளர்ந்ததும் அவளே ஒரு மரப்படகு வாங்கித் துறையில் நின்றாள். பெரியப்பன் பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

போன செப்டம்பரில் ஒரு காலை. துறை குளம்போல் கிடந்தது, காற்றே இல்லை. ஆனால் படகுகளைத் துறை வளையத்தில் கட்டிய கயிறுகள் இழுத்து இழுத்து விட்டன. அப்படி இழுத்தால் மேற்கே அலை எழுகிறது என்று அர்த்தம். நின்றவை இரண்டே படகுகள். முறை ஒனோஃப்ரியோவுக்கு, அடுத்தது திண்டாராவுக்கு. வந்திருந்தது தோரினோ நகரத்துக் குடும்பம் ஒன்று, ஐந்து பேர். ஒனோஃப்ரியோ சாக்குச் சொல்லவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, கடல் கெட்டிருக்கிறது, குகைக்குப் போனால் சாவு என்றான்.

திண்டாரா அவர்களைத் தன் படகுக்கு அழைத்தாள். அவன் குறுக்கே போய் நின்றான்.

"எங்கப்பாகிட்ட பொய் சொன்ன வாய்தானே இது? இன்னைக்கு மட்டும் நெஜம் பேசுமா? தள்ளுய்யா."

குடும்பத் தலைவர் சிரித்துக்கொண்டே படகில் கால் வைத்தார். ஒனோஃப்ரியோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வாயிலேயே குத்தினான். மனிதர் கல்லில் விழுந்தார், உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அவர் மனைவி அலறினாள். திண்டாரா துடுப்பை எடுத்து வீசினாள். அது பெரியப்பன் முகத்தில் குறுக்காக விழுந்தது. இடது கண் போயிற்று என்று எனக்கு அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அவன் கீழே விழவில்லை. தன் படகில் குதித்து, கயிறு வெட்டும் கோடாலியை எடுத்துக்கொண்டு அவள் படகுக்குள் இறங்கினான். முகமெல்லாம் ரத்தம் வடிய அடிப்பலகையை வெட்டினான். அவள் அவன் முதுகில் துடுப்பால் அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். தண்ணீர் முழங்கால் ஏறியதும்தான் கோடாலியைப் போட்டான். நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயத்தில் நான் கடைக்குள்ளேயே நின்றேன்.

டாக்டர் வீட்டில் அவன் கண்ணுக்குத் துணி அழுத்திப் பிடித்தது நான்தான். ஹெலிகாப்டர் வரக் காத்திருந்தோம். இனி துறையில் அவனுக்கு இடமில்லை என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான், அவள் வேறு யார் படகையாவது இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டாளா என்று.

பத்தரைக்குத் திண்டாரா வந்தாள். மேட்டுப் பாதை ஏறி மேற்குக் கடலைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. குகை வாயே தெரியவில்லை, அலை மூடிவிட்டது என்று என்னிடம் சொன்னாள். பிறகு கட்டிலருகே போய் நின்றாள்.

"பெரியப்பா" என்றாள். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

அவன் நல்ல கண்ணைத் திறந்தான்.

"அந்தக் கோடாலி எங்கப்பா போன அன்னைக்கும் உங்க படகுலதானே இருந்துச்சு?"

ஆமாம் என்று தலையசைத்தான். அவள் அவன் கையைப் பிடிக்கவில்லை. ஹெலிகாப்டர் வரும்வரை அங்கேயே நின்றாள்.