அம்மா பார்த்த கடைசி ரீல்

என் தம்பிக்கு மூன்றரை வயது இருந்தபோது அவன் ஒண்ணுக்குப் போகாத இடம் அந்தமானில் நாங்கள் இருந்த புரோத்ராபூரில் கிடையாது. வாழைத் தோட்டம், பாக்கு மரத்தடி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஓடை எல்லாம் அவன் ராஜ்ஜியம்தான். பக்கத்து வீட்டு வங்காளி மாஷியின் துளசி மாடத்தடியில் போனபோது மட்டும் பெரிய சண்டை வந்தது. சண்டை முடிந்ததும் மாஷியே அவனைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திப் பழக்கினார். "பச்சா ஹை, க்யா கரேகா", குழந்தைதானே, என்ன செய்வான் என்று அம்மாவுக்கே சமாதானமும் சொன்னார்.

இந்தக் காலத்துத் தாய்மார்கள் பிள்ளை கொஞ்சம் கூடுதலாகப் போனால் டாக்டரிடம் ஓடுகிறார்கள். அம்மாவுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. கொல்லைக்கும் அடுக்களைக்கும் நடக்கவே பொழுது சரியாக இருந்தது. தீவில் வருஷத்தில் முக்கால்வாசி மழை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் போதும், தம்பிக்கு முட்டிக்கொண்டு வந்துவிடும். குழம்பை இறக்கி வைத்துவிட்டு அம்மா அவனைக் கூட்டிப் போவாள். திரும்பி வந்து கரண்டியைக் கையில் எடுப்பதற்குள் மறுபடியும் காலை இடுக்கிக்கொண்டு நிற்பான்.

"இப்பத்தானேடா போயிட்டு வந்த?"

"அது வேற. இது வேற ஒண்ணுக்கு."

இதில் இன்னொரு கூத்து. ஒரு நாள் கக்கூசில் அவன் காலின் மேல் பூரான் ஏறிவிட்டது. அந்தமான் பூரானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய ஆண்களே கத்துவார்கள். அன்றிலிருந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டால்தான் போவான். மாஷி கூப்பிட்டாலும் போக மாட்டான், அப்பா கூப்பிட்டாலும் போக மாட்டான். நான் வருகிறேன் என்றால் என்னை மேலும் கீழும் பார்ப்பான். எனக்கு அப்போது பத்து வயது. பூரானை அடிக்க இவளால் ஆகாது என்று அவனே முடிவு கட்டியிருந்தான். எனக்கு அதில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இதனால் அதிகம் நஷ்டப்பட்டவள் அம்மாதான். அவளுக்கு சினிமா என்றால் உயிர். கல்யாணமாகி ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். போர்ட் பிளேரில் வாரம் முழுக்க ஓடுவது இந்திப் படம். தமிழ்ப் படம் வேண்டுமென்றால் மெட்ராஸ் கப்பலில் பெட்டி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு காட்சி போடுவார்கள். கப்பல் திரும்பும்போது பெட்டியும் அதிலேயே ஏறிவிடும். விட்டால் விட்டதுதான்.

இப்படி வந்த படங்களில் மூன்றின் முடிவை அம்மா பார்க்கவில்லை. கடைசி ரீல் வரும்போது தம்பிக்கும் வந்துவிடும். ஒரு படத்தில் கதாநாயகனைத் தூக்குமேடையில் நிறுத்திவிட்டுப் போனவள், திரும்பி வந்தபோது சனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் செத்துப்போனான் என்றாள் தெருக்கோடியில் இருந்த காண்டிராக்டரின் மனைவி. அதெல்லாம் இல்லை, கடைசியில் கல்யாணமே ஆனது என்றாள் தபால்காரர் மனைவி. அம்மா அவனை வெகுநாள் பாதி செத்தவனாகவே வைத்திருந்தாள்.

அப்புறம்தான் அந்தப் படம் வருகிறது என்று சொன்னார்கள். தூரதேசத்தில் வாழ்க்கைப்பட்ட பெண், புகுந்த வீட்டில் விரட்டப்பட்டு, தன் தாயைப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் அலைகிற கதை. முந்தின கப்பலில் வந்த ஒருத்தி பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மா மெயின்லேண்டுக்குப் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைத்தால் கப்பல் டிக்கெட் கிடைக்காது, டிக்கெட் கிடைத்தால் லீவு கிடைக்காது. அவளைப் பெற்றவள் ஊரில் தனியாக இருந்தாள்.

"இந்த ஒரு படத்த மட்டும் முழுசாப் பாத்துட்டேன்னா, இனிமே சினிமான்னு வாயத் தொறக்க மாட்டேங்க. பயல நீங்க கொஞ்சம் வச்சுக்கங்க."

அப்பாவுக்குக் கப்பல் கட்டும் ஜெட்டித் துறையில் வேலை. கப்பல் நிற்கும் நாளில் அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. "நான் கூட்டிட்டுப் போனா கடலப் பாத்துத்தான் நிக்க வைக்கணும். பிடிவாதக்காரப் பய, எங்கூடப் போகவும் மாட்டான்" என்று சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் பால் கிடையாது, காப்பி கிடையாது, கஞ்சி கிடையாது. முறுகலாக இரண்டு தோசை, தொட்டுக்கொள்ள மிளகாய்ப் பொடி. தண்ணீர்ப் பானையை அவன் கைக்கு எட்டாத இடத்தில் தூக்கி வைத்தாள் அம்மா. வீட்டில் ஒரு தடவை, பஸ் ஏறுமுன் ஒரு தடவை, கொட்டகைச் சுவரோரம் ஒரு தடவை என்று பிழிந்தெடுத்த பிறகே அவனை உள்ளே கூட்டிப் போனோம்.

நம்ப மாட்டீர்கள், இடைவேளை வரை அவன் மூச்சு விடவில்லை. அம்மா இருட்டில் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதிகம் பார்த்ததில்லை.

விளக்கைப் போட்டார்கள். மிளகாய்ப் பொடி வேலையைக் காட்டியிருந்தது. தம்பி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்வரிசையில் பஜார் கடை பாய் இருந்தார். அவரிடம்தான் நாங்கள் மளிகை வாங்குவது. குனிந்து பையன் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, புள்ள இப்படி வாடிக் கெடக்கான்?"

"ஒண்ணுமில்லண்ணே, அவனுக்கு எதுவும் வேண்டாம்."

"சும்மா இருங்க. பச்சப்புள்ள தாகத்துல தவிக்குது" என்று எழுந்து போனவர் ஒரு பாட்டில் கலர் சோடாவோடு வந்தார். சிவப்புக் கலர். மனிதர் அன்பாக வாங்கித் தந்ததை எப்படித் தட்டுவது? தம்பி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, கீழே வைக்காமல் குடித்து முடித்தான். ஒவ்வொரு மடக்கும் தன் தொண்டையில் இறங்குவதுபோல அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் கடைசிக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைக் கூரையும் தகரம்தான். மேலே மழை, உள்ளே கலர். திரையில் அந்தப் பெண் நைந்த புடவையுடன் ஒரு பாதையில் வந்துகொண்டிருந்தாள். தம்பி அம்மாவின் முந்தானையை இழுத்தான்.

"கண்ணு, செத்தப் பொறுடா. இந்தா முடிஞ்சிரும்."

அவன் மறுபடியும் இழுத்தான். அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே காலால் செருப்பைத் துழாவினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"டேய், அக்காகூட வாடா. பூரான் வந்தா நான் மிதிச்சே கொன்னுருவேன்."

என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அடக்க முடியாத கட்டம் போலிருக்கிறது, இறங்கி என் விரலைப் பிடித்துக்கொண்டான். வாசல்காரர் "ஜல்தி ஆனா" என்று சீக்கிரம் வரச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி இருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவன் தலைமேல் என் கையை வைத்துக்கொண்டு ஓடினேன். அவன் போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். ஒரு பாட்டில் கலர் அல்லவா. கொட்டகைக்குள் யாரோ பெரிதாக அழும் சத்தம் கேட்டது, வசனம் மட்டும் மழையில் புரியவில்லை. எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. அன்றைக்கு நான் கர்வத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பேன்.

திரும்பும்போது கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அம்மா கதவோரம் நின்றாள்.

"முழுசாப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி. உன்னாலதான் பாத்தேன்."

"கடைசில என்ன ஆச்சு?"

"வா, பஸ்ல சொல்றேன்."

பஜாரிலிருந்து புரோத்ராபூர் வரை சொன்னாள். அந்தப் பெண் ஊர் எல்லையில் இறங்கி நடந்தாளாம். கருவேலங்காட்டைத் தாண்டி, ஊருணிக் கரையேறி, வீட்டு வாசலுக்குப் போனாளாம். பெற்றவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லையாம். அப்புறம் நடையை வைத்துக் கண்டுபிடித்து, "இப்படி இளைச்சுப் போயிட்டியே ஆத்தா" என்று கட்டிக்கொண்டாளாம். உட்கார வைத்துச் சோறு போட்டாளாம். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் சுட்ட அப்பளமும்.

"படத்துல என்ன கொழம்புன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"காட்டுனாங்கடி. சட்டியத் தொறந்து காட்டுனாங்க."

முன்சீட்டில் இருந்த ஒரு தமிழ்க்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். தம்பி அம்மா மடியில் தூங்கிப்போனான். பள்ளிக்கூடத்தில் நானே பார்த்ததுபோல அந்த முடிவை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், குழம்பு உட்பட.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மத்தியான நேரம், தம்பி என் வீட்டுக்கு வந்திருந்தபோது டி.வி.யில் அந்தப் படம் போட்டார்கள். அம்மா அப்போது உயிரோடு இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் பெண் பாதையில் வந்தாள். எதிரே ஒரு பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் தாய்தான். பெண் அங்கேயே விழுந்தாள். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

"என்னடா இது, முடிவையே மாத்திட்டானுங்களா?" என்று நான் கத்தினேன். "அம்மா பாத்தாங்களே!"

தம்பி என்னை வினோதமாகப் பார்த்தான். "அம்மா எங்கக்கா பாத்தாங்க? நம்ம பின்னாடியேதானே வந்தாங்க."

அவனுக்கு அன்றைக்கு நடந்ததில் அது ஒன்றுதான் நினைவிருக்கிறது. முற்றத்தில் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்திருக்கிறான். அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டகை இறவாரத்தில் நின்றிருக்கிறாள். அக்காவிடம் சொல்லாதே என்று வாயில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். அந்த தைரியத்தில்தான் அவன் என்னோடு கக்கூஸ் வரை வந்திருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தது. யாரிடம் கோபித்துக்கொள்வது? பத்து வயதுப் பெண் விட்டுக்கொடுத்தது வீணாகக் கூடாது என்று, பஸ் நெடுக அம்மா கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அந்த வருஷம் மழை முடிவதற்குள் ஊரிலிருந்து தந்தி வந்தது. கப்பல் கிடைத்து அம்மா போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. தன்னைப் பெற்றவளை அவள் கடைசியாகப் பார்த்தது அந்த பஸ்ஸில்தான்.