பதினேழு பிளேட் பேட்டரி

காலை மணி ஒன்பது பத்து. சென்ற ஆடி மாதம், றொசல்லயைத் தாண்டி வட்டவளைப் பக்கம் இறங்கும் வளைவு ஒன்றில், "என்னங்க, என்னமோ கருகுற வாடை வருது" என்று என் மனைவி காரின் பின் சீட்டிலிருந்து சொன்ன நேரம் அது. நேரத்தை இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் தொழில். தேயிலைத் தொழிற்சாலையில் நான் டீமேக்கர், கொழுந்தைத் தூளாக்கும் வேலைக்குப் பொறுப்பு. கொழுந்து சூட்டுக்குப் போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் பார்த்துப் பழகிய கண், வாடை என்ற சொல்லைக் கேட்டதும் தானாகவே கடிகாரத்துக்குப் போய்விடும்.

"பிரேக்தான்" என்றேன். "எறக்கத்துல அப்படித்தான் வாடை வரும்."

அன்று நாங்கள் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பதினொரு வயதான என் மகளின் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரிக்கும் நாள். பாதத்திலிருந்து தொடை வரைக்கும் கட்டு, கால் மடங்காது. எங்கள் கார் பழைய சின்னக் கார். கதவு இரண்டே இரண்டு. முன் சீட்டைச் சாய்த்துத்தான் பின்னால் ஏற வேண்டும். முதலில் அவள் அம்மா ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு மகளை உள்ளே விட்டு, அம்மாவின் நெஞ்சில் சாய்த்து, காலைச் சீட்டின் நீளத்துக்கு நீட்டி வைத்தோம். இதற்கே கால் மணி நேரம் ஆனது. பின் சீட்டுக்கு அடியில்தான் அந்தக் காரின் பேட்டரி இருந்தது.

அந்தப் பேட்டரியை நான் தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பழைய பேட்டரி ஒரு வருடமாகவே தேய்ந்துபோயிருந்தது. எங்கள் பக்கத்துக் காலைக் குளிரில் அதற்கு உயிர் வராது. தொழிற்சாலை ஆட்கள் ஆறு பேர் வந்து தள்ளுவார்கள். "வருசத்துக்கு ஒரு தேருதான் இழுப்போம் ஐயா, இப்ப தெனம் ஒரு தேரு" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் மகள் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட அன்று யாரும் சிரிக்கவில்லை. பட்டப்பகல். அவளைத் தூக்கி வந்து காரில் வைத்தாயிற்று. கார் கிளம்பவில்லை. ஹேண்டில் போட்டுச் சுற்றினேன், தள்ளினோம், மறுபடி சுற்றினேன். இருபத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கார் இனி ஒருநாளும் என்னைக் கைவிடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. சனிக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போகும் முன்பே எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன். பேட்டரி உட்காரும் தட்டின் நீளம் இத்தனை அங்குலம், அகலம் இத்தனை அங்குலம், ஆறு வோல்ட், எந்த முனை காரின் உடம்போடு சேர்கிறது, எல்லாம். கடைக்கார முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் நானா, அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இந்த மாதிரி எழுதிக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான் ஐயா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்துபோன சமயம். கடையில் ஆறு வோல்ட்டில் மூன்றுதான் இருந்தன. ஒன்று, பழைய பெட்டிக்குள் புதுப் பிளேட் போட்டுத் திருத்தியது. அதை நான் தொடவேயில்லை. இரண்டாவது புதியது, பதினொரு பிளேட், என் காருக்கு உரிய அளவு. ஆனால் பல மாதம் அலமாரியில் கிடந்தது. மூன்றாவது சின்ன லொறிக்கு என்று வந்தது, பதினேழு பிளேட். பிளேட் கூடினால் பலம் கூடும். அடித்தட்டு என் அளவுக்குச் சரியாகவே இருந்தது. உயரந்தான் கூட.

"ரெண்டாவத எடுங்க ஐயா. ராவு முழுக்க சார்ஜ் போட்டுத் தாறேன், நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்" என்றார் நானா. நான் மூன்றாவதின் மேல் கை வைத்தபடி நின்றேன். அவர் தாளை மறுபடி பார்த்தார். "நீளம் ஈக்குது, அகலம் ஈக்குது. ஒசரம் எழுதல்லயே?"

உண்மையில் நான் உயரத்தை அளக்கவில்லை. பெட்டி வைக்கிற ஆள் தரையைத்தானே அளப்பான். மறந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதுதான் புகழ்ந்த மனிதர் எதிரில் நிற்கிறார். "மேல சீட்டுதானே நானா, எடம் நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டேன். தொழிற்சாலையில் நான் சொல்லும் அளவை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இறக்கியபோது, "காருக்கு வாங்குனீங்களா, பேக்டரிக்கு வாங்குனீங்களா?" என்றாள் மனைவி. முனைகளைச் சுரண்டிக் கிரீஸ் தடவி, முறையாகப் பூட்டினேன். மேலே போடும் மூடி மட்டும் ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது, மூடவில்லை. மூடியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் பலகை வைத்தால் சீட்டைத் தூக்கும். தேயிலைச் சாக்கு ஒன்றை நான்காக மடித்துப் பேட்டரியின் மேல் விரித்தேன். சீட்டை வைத்தேன். இரண்டு கையாலும் பலமாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரி. மூன்று வாரம் அந்தக் கார் ஒரே அழுத்தில் கிளம்பியது. தள்ளுவதற்கு வந்த ஆட்களைக் கையசைத்துத் திருப்பி அனுப்பினேன். அந்த மூன்று வாரமும் நான் தனியாகத்தான் ஓட்டினேன். பின்னால் யாரும் ஏறவில்லை.

ஆடி மாத வட்டவளை மழையைப் பற்றி மலைநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து ஓயாத தூறல், எலும்பில் ஏறும் குளிர். மனைவி வாடையைப் பற்றிச் சொன்ன சிறிது நேரத்தில், "அம்மா, சீட்டு கதகதப்பா இருக்கு" என்றாள் மகள். அம்மாவும் ஆமாம் என்றாள். எஞ்சின் சூடு பின்னால் வருகிறது, பிள்ளைக்கு நல்லதுதான் என்று நான் மகிழ்ந்தேன். கண்ணாடி துடைக்கும் வைப்பர் சோம்பலாக ஆடியது. மழையின் பாரம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

வாடை கூடியது. இறக்கத்தில் பிரேக் சூடேறினால் நாங்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். வழியில் ஒரு பீலியைக் கண்டு, காரை ஓரங்கட்டினேன். மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் இடத்தில் நின்று சக்கரத்தை ஆறவிட்டுப் போவது இந்தப் பாதையில் வழக்கம். இறங்கிப் போய் முன் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தேன்.

குளிர்ந்து கிடந்தது. பின் சக்கரம், அதுவும் குளிர்.

சக்கரம் இரண்டும் மழையைப் போலக் குளிர்ந்திருக்கின்றன என்றால் கருகுவது எது? திரும்பினேன். காரின் பின் கண்ணாடி வெள்ளையாக இருந்தது. பனி என்று ஒரு கணம் நினைத்தேன். உள்ளேயிருந்து மனைவி இருமும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்து, முன் சீட்டைச் சாய்த்து, மகளின் தோளைப் பிடித்து இழுத்தேன். பாதி தூரம் வந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கால் முன் சீட்டுக்கும் கதவுத் தூணுக்கும் இடையில் குறுக்காக மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தேன். அவள் அலறினாள். அம்மா பின்னாலிருந்து தள்ளினாள். சீட்டின் மூலையிலிருந்து மஞ்சளாக ஒரு நாக்கு எட்டிப் பார்த்தது. எனக்கு இழுப்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

"இழுக்காதீங்க!"

மேலே மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி. புகையைக் கண்டு, கூடையைப் போட்டுவிட்டு, ரோட்டோரக் கானைத் தாண்டிக் குதித்து வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் நனைந்த கம்பளி. "இழுக்காதீங்கன்னா! தலைய எறக்குங்க. இன்னும் எறக்குங்க!" என்று என்னை அதட்டிவிட்டு, மறுபக்கக் கதவு வழியாக உள்ளே புகுந்தாள். என் மகளின் காலை இரண்டு கையாலும் ஏந்திக் கூரைப் பக்கம் தூக்கினாள். "இப்ப சாச்சு எடுங்க. சாச்சு!" தலை தாழ்ந்து கால் உயர்ந்ததும், மகள் ஒரு தடையும் இல்லாமல் என் மடிக்கு வழுக்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் அம்மாவும் தவழ்ந்து வெளியே விழுந்தாள்.

அதற்குள் இன்னும் நாலைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். ஈரக் கம்பளிகளைச் சீட்டின் மேல் எறிந்து அமுக்கி, சீட்டையே பிடுங்கி ரோட்டில் போட்டு, பீலித் தண்ணீரை வாரி இறைத்தார்கள். எல்லாம் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடமும் நான் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வேறு எதற்கும் நான் உதவவில்லை.

மகளின் மாவுக்கட்டு அடிப்பக்கம் பழுப்பேறியிருந்தது. உடம்பில் ஒரு காயமும் இல்லை. மனைவியின் வலது உள்ளங்கை கொப்புளித்துப் போயிருந்தது. சீட்டு சுடத் தொடங்கியதும் மகளின் தொடைக்கு அடியில் கையைக் கொடுத்து வைத்திருக்கிறாள். "பிரேக்தான்னு சொன்னீங்களே, சும்மா பயப்படுவானேன்னு இருந்துட்டேன்" என்றாள். அந்தச் சொல் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். யாரோ சாயத்தண்ணி, பால் விடாத தேநீர், கொண்டுவந்தார்கள். காலைத் தூக்கிய பெண்ணிடம், எப்படி அந்த யோசனை வந்தது என்று கேட்டேன். "இது ஒரு யோசனைங்களா? நீட்டு வெறக லயத்து வீட்டு வாசல்ல தெனம் இப்படிச் சாச்சுத்தானே நொழைக்கிறோம்" என்றாள். அவளுடைய கம்பளியில் தலை நுழையும் அளவுக்கு எரிந்த ஓட்டை. நான் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதும், "மொதல்ல புள்ளைக்கு அந்தத் தண்ணியக் குடுங்க, ஆறுது" என்று பேச்சை முடித்துவிட்டாள். நான் டீமேக்கர் என்பது எப்படியோ தெரிந்துபோக, பின்னாலிருந்து ஒரு குரல், "கொழுந்த வறுக்கிறவரு சீட்ட வறுத்துட்டாரு" என்றது. முதலில் சிரித்தது என் மகள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் என் பங்குச் சாயத்தண்ணியை எடுத்து வாயில் வைத்தேன். (இரண்டு நாள் கழித்து ரயிலில் போய்க் கட்டைப் பிரித்தோம். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. கம்பளியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.)

ஆனால் எதனால் தீப்பிடித்தது என்று மடுவத்தில் உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு விளங்கவில்லை. வட்டவளைப் பக்கம் இறங்கிய பஸ்ஸின் டிரைவரிடம் சொல்லியனுப்பியிருந்தேன். பதினொன்றரை மணி போல, ஏறி வந்த பஸ்ஸில் கார் திருத்தும் மெக்கானிக் பாஸ் வந்து இறங்கினார். வயதான சிங்கள மனிதர், கையில் சாமான் பை. காரைப் பார்க்கும் முன் மடுவத்துக்குள் எட்டி மகளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.

பேட்டரியின் மேல் நான் விரித்த சாக்கு, ஆசிட் பட்டுப் பட்டு எப்போதோ இற்றுப்போய்விட்டது. எரிந்த சீட்டைப் புரட்டி, கம்பிச் சுருள்களில் ஒன்றின் நுனியைக் காட்டினார். உருகி மொட்டையாகியிருந்தது.

"மாத்தயாதான் பூட்டினதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான். கடையில தேர்ந்தெடுத்ததும் நான்தான்" என்றேன்.

பாஸ் காருக்குள் குனிந்தார். பேட்டரியின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, கரிந்த சீட்டை அதன் இடத்தில் திருப்பி வைத்தார். "இங்க உக்காருங்க" என்றார். ஏறி, என் மகள் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். என் பாரம் இறங்கியதும் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். சீட்டின் கம்பிச் சுருள் பேட்டரியின் ஈய முனைகளில் தட்டும் சத்தம். அந்தக் கம்பி வழியாகத்தான் மின்சாரம் குறுக்கே பாய்ந்து சீட்டை எரித்திருக்கிறது. எழுந்தேன், சத்தம் நின்றது. உட்கார்ந்தேன், மறுபடி டக்.

"வாகனம் வாங்கி எத்தினி வருசம்?" என்று கேட்டார்.

"நாலு."

"நாலு வருசத்துல, ஒரு நாள் சரி மாத்தயா பின்னால உக்காந்து பாக்கலயா?"

அவர் குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தானோ என்னவோ, பிள்ளைக்கு என்று எதைத் தேர்ந்தெடுக்கப் போனாலும் இன்றைக்கும் நான் அவள் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேனா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன்.