ஒவாத்யாவின் நான்காம் நோட்டு

எழுதி முடித்த வரியில் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக எண்ணுவார் யூத குருவான ரப்பி ஒவாத்யா துவெக். எண்ணிக்கை பிசகினால் தாளையே ஒதுக்கிவிடுவார். சரியாக வந்துவிட்டால், எழுதியது பலித்துவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொள்ளும். மூன்று மகள்களையும் வரிசையாகத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"எல்லாரும் நல்லாயிருக்கீங்களா? பிள்ளைங்க மூச்சு விடுதா?"

"இல்லப்பா, செத்துட்டோம். வரும்போது ரொட்டி வாங்கிட்டு வாங்க" என்பாள் கடைக்குட்டி. அவருக்குச் சிரிப்பு வராது.

யூதர்கள் வாசல்நிலைகளில் பதிக்கும் மறைவசனத் தோல்சுருள்களில் எழுத்துப்பிழை பார்ப்பது பிழைப்பு. சஃபேத் ஊரில் பாதி வீட்டுச் சுருள்கள் அவர் கண் பட்டவைதான். மிச்ச நேரமெல்லாம் கபாலா என்னும் யூத மறைஞானம். எழுத்துகளைக் கோத்துத்தான் ஆண்டவன் உலகைப் படைத்தான், கோத்த விதம் தெரிந்தவனுக்குக் கதவு திறக்கும் என்று மூன்று புத்தகங்கள் எழுதிவிட்டார். ஆண்டவன் பெயரில் மட்டும் ஓர் எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவார். "முழுசா எழுதினா அவன் திரும்பிப் பாப்பான், மஸால். நாம தாங்கமாட்டோம்" என்பார் மனைவியிடம். மஸாலுக்கு அவர் எழுதும் அறைக்குள் கால் வைக்கவே நடுக்கம். வாசலில் நின்றபடி புதினா தேநீரை நீட்டுவாள்.

போன கோடையில் ஹைஃபாவிலிருந்து யாஃபா என்றொரு பெண் வந்தாள். கையில் அவருடைய மூன்றாம் புத்தகம், முனைகள் நைந்து.

"இதைப் படிச்சு எம் புருஷன் நாப்பது நாள் விரதம் இருந்தாரு, ரப்பி. இப்ப தூக்கமே இல்ல. சுவத்துல எழுத்து ஊருதாம். பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டேங்கறாரு. கூப்பிட்டா அவ உதிர்ந்துடுவாளாம்."

"ஆஸ்பத்திரியில காட்டினியாம்மா?"

"அங்கேருந்துதான் வர்றேன். நாலாவது புத்தகம் எப்ப வரும்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

ரப்பி அவள் பக்கம் குனிந்தார். "எழுத்து எந்தப் பக்கமா ஊருதாம்?"

"கீழேருந்து மேல. கூரைக்குப் போனதும் அணைஞ்சிடுதாம்."

கீழிருந்து மேலே ஊர்ந்து அணையும் எழுத்து, அவருடைய அச்சான எந்தப் புத்தகத்திலும் இல்லை. முந்தின வாரம்தான் நாலாவது புத்தகத்துக்கான நான்காம் நோட்டில் அதை எழுதி, மஸாலிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"நாலாவது வராதுன்னு சொல்லும்மா" என்றார்.

அவள் படியிறங்கியதும், "நோட்டை எரிச்சுடுங்க" என்றாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மஸால்.

"ஓர் எழுத்து குறைஞ்சாலும் ஆண்டவன் பேர் இருக்கு. எரிக்கலாமா? புதைக்கத்தான் வேணும்."

நண்பகல் வெயிலில் இருவரும் மலைச்சரிவு இடுகாட்டுக்குப் போனார்கள். நைந்துபோன மறைநூல்களைப் புதைக்கும் மூலையில் அவரே குழி தோண்டினார். பதினொரு வருட எழுத்தைத் துணியில் சுற்றி இறக்கினார். மஸால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மண்ணைத் தள்ளி மூடினார். பிறகு, பெற்ற பிள்ளையைப் புதைத்த யூதர்கள் துக்கத்தில் செய்வதுபோல, சட்டைக் கழுத்தை இரு கையாலும் பிடித்துக் கிழித்தார்.