உப்பு தேய்த்த பிஸ்கட்

எங்கள் நைனா ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் விசைத்தறி ஓட்டியவர். தினமும் இரண்டு வேளை கேழ்வரகுக் களி, தொட்டுக்கொள்ள ஊறுகாய். சிறுநீரகம் பழுதானதும் அம்மாவும் நானும் அவரைத் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். சாப்பாடு பற்றிச் சொல்ல அங்கே ஓர் அம்மாள் இருந்தார். "ராகி சங்கட்டி வத்து, களி வேணாம்," என்றுதான் ஆரம்பித்தார். ஊறுகாய், அப்பளம், உப்பு பிஸ்கட் எதுவும் கூடாது. வெள்ளைச் சோறு அளவாகத் தின்னலாம். நடுவில் பசித்தால் உப்பில்லாத பிஸ்கட் இரண்டு.

"சக்கர வந்தவன சோறு துன்னாத, களி துன்னுன்றாங்க. எனக்கு மட்டும் களி ஆவாதாம். இன்னா நாயம் இது?" என்று பஸ்ஸில் ஊர்வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார் நைனா.

தம்பி அப்போதுதான் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போயிருந்தான். பூத்திலிருந்து போன் போட்டு விஷயத்தைச் சொன்னோம். ஊருக்கு வந்த நண்பனிடம் ஒரு பெட்டி நிறையச் சதுர பிஸ்கட் கொடுத்தனுப்பினான். பிரித்தால், ஒவ்வொன்றின் மேலும் கல் கல்லாக உப்பு. அவசரத்தில் மாற்றி வாங்கிவிட்டான்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏரோப்ளேன்ல வந்துகீது, தூக்கியா போடறது?" என்றாள். புதிதாக ஒரு பல் பிரஷ் வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அப்படியும் நம்பிக்கை வராமல் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் காயப்போட்டாள். கம்போடு நைனா காவல், துணைக்கு நான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தடிக்குரங்கு வந்தது. நைனா கம்பை ஓங்கவில்லை. பேசாதே என்று எனக்குக் கை காட்டினார். குரங்கு ஒரு பிஸ்கட்டை எடுத்து மோந்தது, கடித்தது, துப்பியது. இன்னொன்றையும் கடித்துத் துப்பியது. பிறகு பிஸ்கட்டை எல்லாம் உதறிவிட்டு வேட்டியை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நைனாவை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

அடுத்த முறை திருப்பதி போனபோது நாங்கள் உட்காரும் முன்பே நைனா, "கொரங்கே துன்லம்மா," என்றார். முழுக்கதையும் கேட்ட அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேல இருக்கற உப்புதாம்மா போவும். மாவுல கலந்த உப்பு எங்க போவும்?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நைனாவிடம் கேட்டார்: "மொறுமொறுன்னு என்ன வேணும் உங்களுக்கு?"

"பொரி."

"உப்பு போடாத பொரி, ஒரு கைப்பிடி. சரியா?"

பஸ் நிலையத்தருகே ஒரு பொரிக் கடையில் நின்றோம். உப்பில்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்தும் நைனா விடவில்லை. "நீ துன்னு காட்டு," என்றார். அவரும் தின்று காட்டினார்.

பஸ்ஸில் ஏறியதும் நைனா தன் அகலமான கையை நீட்டினார். "யாரு கைன்னு அந்தம்மா சொல்லல."

அம்மா தன் சின்னக் கையால் அள்ளி வைத்தாள்.